அமோன் பொய்யன்தான். கேள்வியுமா பொய்?

"அக்கா, நீங்க 'கோரா' பாத்திருக்கீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை மாலை. படிப்பகம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். மற்ற பிள்ளைகள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள், அந்தத் தம்பி மட்டும் நின்றுகொண்டிருந்தான். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

நடந்தது இதுதான். உதவித்தொகை இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் தேர்வுக் கட்டணம் கட்டச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். இவன் வகுப்பில் எழுந்து, "உதவித்தொகை வர்ற வரைக்கும் எங்களுக்கு டைம் கொடுங்க சார்" என்று கேட்டிருக்கிறான். அன்று இரவு விடுதியில் ஒருவன், "டேய், அமோன் வந்துட்டான்டா" என்றானாம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து இவன் பெயர் அமோன். நெற்றியில் சிவப்பு வட்டம் போட்ட வெள்ளை முகமூடி ஒன்றை யாரோ இவன் நோட்டின் அட்டையில் வரைந்தும் வைத்திருக்கிறார்கள்.

கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். எந்தக் கல்லூரியிலும் நடக்கக்கூடியதுதான்.

எனக்கு அமோன் யாரென்று தெரியாது. அவனே சொன்னான். 'தி லெஜண்ட் ஆஃப் கோரா' என்ற அனிமேஷன் தொடரில் வரும் வில்லன். கடைசியாக ஒன்று கேட்டான்: "அவன் கடைசில பொய்யன்னு தெரிஞ்சுடும்க்கா. ஆனா அவன் கேட்டது தப்பாக்கா?"

இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு 52 பகுதிகளையும் பார்த்து முடித்தேன். இது அவனுக்கான பதில். அவனுக்கு அந்தப் பெயரை வைத்தவர்களுக்கும்தான்.

கதை என்ன?

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2005 முதல் 2008 வரை நிக்கலோடியனில் வந்த 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரின் தொடர்ச்சி இது. 2012 முதல் 2014 வரை நான்கு பாகங்களாக வந்தது. இரண்டையும் உருவாக்கியவர்கள் மைக்கேல் டான்டே டிமார்டினோ, பிரையன் கோனியெட்ஸ்கோ.

அந்த உலகத்தில் சிலர் பிறக்கும்போதே ஒரு திறனோடு பிறக்கிறார்கள். நீர், மண், நெருப்பு, காற்று ஆகிய நான்கில் ஒன்றை உடல் அசைவாலேயே ஆட்டிவைக்க அவர்களால் முடியும். இவர்கள் பெண்டர்கள். மற்றவர்களுக்கு அந்தத் திறன் இல்லை. உழைத்துப் பெறவும் முடியாது. நான்கையும் ஆட்டிவைக்கக்கூடிய ஒரே ஆள் அவதார். இந்தத் தொடரில் அது கோரா என்ற பெண்.

கதை நடக்கும் இடம் ரிபப்ளிக் சிட்டி. முதல் தொடர் முடிந்து 70 ஆண்டுகள் ஆகிவிட்டன. கார் ஓடுகிறது, வானொலி பாடுகிறது. ஆனால் நகரத்தை யார் நடத்துகிறார்கள் என்று பாருங்கள். காவல்துறை என்பதே உலோகத்தை வளைக்கும் பெண்டர்களின் படை. கடைக்காரர்களை மிரட்டி மாமூல் வாங்கும் ரவுடிக் கும்பல்களும் பெண்டர்கள். ஊரே கூடிப் பார்க்கும் விளையாட்டில் ஆடுவதும் பெண்டர்கள் மட்டுமே. ஐந்து பேர் கொண்ட ஆட்சிக்குழுவில் ஒவ்வொரு தேசத்துக்கும் இடம் உண்டு. திறன் இல்லாத மக்களுக்கு என்று ஓர் இடம்கூட இல்லை.

இந்த நகரத்தில்தான் முகமூடி போட்ட அமோன் வருகிறான். அவனுடைய இயக்கத்துக்குப் பெயர் சமத்துவவாதிகள்.

இந்தப் பெயரில் கொஞ்சம் நில்லுங்கள். அண்ணல் அம்பேத்கர் பிறந்த ஏப்ரல் 14-ஐ 'சமத்துவ நாள்' என்று தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்தது. நம் பிள்ளைகள் பள்ளியில் உறுதிமொழி எடுக்கிற அந்தச் சொல், இந்தத் தொடரில் வில்லன் கும்பலின் பெயர். கோராவின் ஊரில் யாராவது 'சமத்துவம்' என்றால் போலீஸுக்குத் தகவல் போகும்.

மூன்று சாவுகள்

வில்லன்களின் நோக்கத்தைப் பற்றிப் பேசும்போது, "அமோனுடைய நோக்கம் சரி, வழிதான் தப்பு" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இது சோம்பேறித்தனமான பதில். நோக்கத்தை யார் கையில் கொடுத்தார்கள், கொடுத்த பிறகு அவனை என்ன செய்தார்கள் என்றல்லவா பார்க்க வேண்டும்?

முதல் பாகத்தில் மூன்று குடும்பங்களின் கதை வருகிறது.

ஒன்று, மாகோவும் போலினும். கோராவின் நண்பர்கள். சிறு வயதிலேயே அப்பா அம்மாவை இழந்து தெருவில் வளர்ந்தவர்கள். பெற்றோரைக் கொன்றவன் ஒரு நெருப்பு பெண்டர்.

இரண்டு, ஹிரோஷி சாடோ. செருப்புக்குப் பாலிஷ் போட்டுப் பிழைத்தவர். தன் மூளையை நம்பிக் கார் கம்பெனி தொடங்கி நகரத்தின் பெரிய முதலாளி ஆனவர். திறன் இல்லாதவர். அவர் மனைவியைக் கொன்றதும் நெருப்பு பெண்டர்கள்தான்.

மூன்று, அமோன் மேடையில் சொல்லும் அவன் கதை. ஒரு நெருப்பு பெண்டர் அவன் அப்பாவிடம் பணம் பறித்தான், அப்பா எதிர்த்து நின்றார், அவன் குடும்பத்தையே கொன்று இவன் முகத்தையும் எரித்தான் என்கிறான்.

மூன்றும் ஒரே மாதிரியான சாவு. கொன்றவனும் ஒரே வகை ஆள். ஆனால் கதை மூவரையும் மூன்று விதமாக நடத்துகிறது. துக்கத்தை மனதுக்குள் பூட்டிக்கொண்டு, "யார் கொன்றது, ஏன் இது திரும்பத் திரும்ப நடக்கிறது" என்று கேட்காத மாகோ கதாநாயகன். துக்கத்தைத் தனிப்பட்ட பழியாக மாற்றிக்கொண்ட ஹிரோஷி வில்லன். "இது என் வீட்டுத் துக்கம் மட்டுமல்ல, நம் எல்லோருடையதும்" என்று அதை அரசியலாக்கியவன் பொய்யன். அந்தக் கதையே கட்டுக்கதை, அவன் முகத் தழும்பு வெறும் மேக்கப்.

இந்த வரிசை தற்செயலா? வலியை விழுங்கினால் நல்லவன், தனியாகக் கத்தினால் கெட்டவன், ஊரைச் சேர்த்துக்கொண்டு கேட்டால் மோசடிக்காரன். எங்கள் தெருவில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. கார்ட்டூன் இல்லாமலே அது எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது.

இத்தனைக்கும் அமோனின் நிஜக் கதை என்ன? அவன் பெயர் நோவாடாக். நீர் பெண்டர். அதிலும் மனித உடலின் ரத்தத்தையே பிடித்து ஆட்டக்கூடியவன். யாகோன் என்ற ரவுடியின் மகன். அப்பாவின் கொடுமை தாங்காமல் சிறுவனாக இருந்தபோதே பனிப்புயலில் ஓடிப்போனவன். சிறுவயதில் நியாயம் அநியாயம் பார்க்கிற பிள்ளையாக இருந்தான் என்று அவன் தம்பி டார்லாக்கே சொல்கிறான். அதாவது, அவன் நம்பியது பொய்யில்லை. யார் என்பதைத்தான் மறைத்தான். ஆனாலும் கதைக்கு அந்த மறைப்பு ஒன்றே போதும். கூட்டத்தின் கண்முன்னே அவன் தண்ணீரிலிருந்து தன் திறனால் எழும்புகிறான். தழும்பு கழுவப்பட்ட முகம். மக்கள் அதிர்ச்சியில் பார்க்கிறார்கள். அத்தோடு இயக்கம் கதையிலிருந்தே காணாமல் போகிறது.

மாமூல் கும்பல்கள் இருக்கின்றன. பெண்டர் போலீஸ் இருக்கிறது. கேள்வி மட்டும் காணவில்லை.

பெயர்கூட இல்லாத ஒருவன்

அமோனுக்கு வலதுகையாக ஒருவன் இருக்கிறான். இரண்டு மின்சாரத் தடிகளோடு சண்டை போடுகிறவன். திறன் இல்லாதவன். உண்மையிலேயே நம்பி வந்தவன். அமோனின் குட்டு வெளிப்பட்டதும், தன் வாழ்க்கையையே இதற்குக் கொடுத்தேனே என்று துடித்து, முகமூடியை எடுத்துத் தரையில் வைத்து மிதித்து உடைக்கிறான். அமோன் அவனை ரத்தத்தால் பிடித்துத் தூக்கி வீசுகிறான். அத்தோடு அவன் கதை முடிந்தது.

கதை எழுதியவர்களுக்கு நேர்மையான தலைவன் கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள். இதோ இருந்தான். பொய்யனை எதிர்த்து நின்றுவிட்டான், கேள்வியையும் விட்டவனில்லை. அடுத்த பாகத்தில் அவன் மக்களைக் கூட்டி, "அமோன் நம்மை ஏமாற்றினான், ஆனால் மாமூல் வாங்குகிறவன் இன்னும் வாசலில் நிற்கிறான்" என்று பேசியிருக்கலாம். அப்படி ஒரு கதையை அவர்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவனுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. தொடர் முழுக்க அவன் 'லெப்டினன்ட்'. அவ்வளவுதான்.

நான்கு பாகங்களின் பெரிய வில்லன்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். அமோன் நீர் பெண்டர் என்று தெரியவருகிறது. உனலாக் நீர் பெண்டர். அரசுகளே வேண்டாம் என்கிற ஸாஹீர் திறன் இல்லாமல் பிறந்தவர், மூன்றாம் பாகம் தொடங்குவதற்குள் அவருக்குக் காற்றுத் திறன் வந்துவிடுகிறது. குவிரா உலோக பெண்டர்.

இந்த உலகத்தில் வில்லனாக இருப்பதற்குக்கூடத் திறன் வேண்டும். உலகத்தை ஆட்டிப்பார்க்கிற அளவுக்குத் திறன் இல்லாத ஒருவர் தன் திறமையால் எழுவார் என்பதை இந்தக் கதையால் கெட்ட கனவாகக்கூடக் காண முடியவில்லை.

எந்திரம் நம்பும்படி இல்லையாம்!

இந்தத் தொடரின் ரசிகர்கள் பலர் அலுத்துக்கொள்வது வேறு விஷயத்துக்கு. தொழில்நுட்பம் நம்பும்படி இல்லை என்கிறார்கள். "முதல் தொடரில் வாளும் வில்லும் வைத்திருந்தவர்கள் 70 ஆண்டுகளில் எப்படி விமானம் ஓட்டுகிறார்கள்? மின்சாரக் கையுறை எங்கிருந்து வந்தது? குவிராவின் அந்த ராட்சத எந்திரம்?" நம் தம்பியின் விடுதியிலும் இதே விவாதம்தான் நடக்குமாம். சரி, அதையும் பார்த்துவிடுவோம். பொறியியல் படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

முதலில் 70 ஆண்டுகள். ஜப்பான் கடற்கரையில் அமெரிக்க நீராவிக் கப்பல்கள் வந்து நின்று அந்த நாட்டையே அதிரவைத்தது 1853-இல். அதே ஜப்பான் 'ஹோஷோ' என்ற விமானந்தாங்கிக் கப்பலைக் கடற்படையில் சேர்த்தது 1922-இல். 69 ஆண்டுகள். ரைட் சகோதரர்கள் பறந்தது 1903, நிலவில் மனிதன் இறங்கியது 1969. 66 ஆண்டுகள். அதிலும் முதல் தொடரிலேயே நெருப்பு தேசத்திடம் நீராவி டாங்கிகளும், பா சிங் சே மதிலைத் துளைக்கும் ராட்சதத் துளைப்பானும், ஆகாயக் கப்பல்களும் இருந்தன. அதனால் 70 ஆண்டுகளில் கார் வந்தது அதிசயமில்லை. வராமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

அடுத்து குவிராவின் எந்திரம். இருபது மாடிக்கும் மேலான உயரம், பிளாட்டினத்தில் செய்தது, இரண்டு காலில் நடக்கிறது. இதை நான் தரமாட்டேன். ஓர் உருவத்தின் உயரத்தை 10 மடங்கு ஆக்கினால் கால்களின் குறுக்குப் பரப்பு 100 மடங்கு ஆகும், எடையோ 1000 மடங்கு ஆகும். நடப்பதற்கு முன்பே கால் நொறுங்கிவிடும். பிளாட்டினம் இரும்பைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் கனம், ஒரு கன மீட்டர் 21 டன்னைத் தாண்டும். நம் பூமியில் ஆண்டு முழுக்கத் தோண்டி எடுக்கும் பிளாட்டினம் 200 டன்னுக்கும் குறைவு. அத்தனையையும் உருக்கி ஊற்றினால் ஒரு சின்ன அறைகூட நிரம்பாது. ஆக, அந்த எந்திரம் சுத்தமான கப்ஸா. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கவனித்தீர்களா? கதையில் மிகப் பெரிய கப்ஸாவுக்கு அனுமதி கிடைப்பது யாருக்கு? உலோகத்தையே ஆட்டிவைக்கும் குவிராவுக்கு. அவள் அதன் தலைக்குள் நின்று தன் திறனால்தான் அதை இயக்குகிறாள். அங்கே எந்திரம் ஏற்கெனவே வலுவானவளின் கையை இன்னும் நீட்டிக்கொடுக்கிறது.

ஹிரோஷியின் மின்சாரக் கையுறை அப்படியல்ல. நம்பும்படியான சின்னப் பொருள். ஒரு கடைக்காரர் அதை மாட்டிக்கொண்டால், நெருப்பைக் காட்டி மாமூல் கேட்கிறவனைத் தடுத்து நிறுத்தலாம். அவருடைய எந்திர டாங்கிகள் பிளாட்டினத்தில் செய்யப்பட்டதற்குக் காரணமும் இருக்கிறது. உலோகத்தை வளைப்பவர்கள் அதற்குள் கலந்திருக்கும் மண் துணுக்குகளைத்தான் பிடிக்கிறார்கள், சுத்தமான பிளாட்டினத்தில் பிடிக்க எதுவும் இல்லை. ஒவ்வொரு கருவியும் ஒரே கேள்விக்கு விடை தேடுகிறது: பிறப்பால் எனக்குக் கிடைக்காத பலத்தைக் கையால் செய்துகொள்ள முடியுமா?

இப்போது மின்சாரத்துக்கு வாருங்கள். ரிபப்ளிக் சிட்டியின் மின்நிலையத்தில் மின்னலை உண்டாக்குவது நெருப்பு பெண்டர்கள். மாகோவே அங்கே கூலிக்குப் போகிறான். நகரத்தின் விளக்குகள் பெண்டர்களின் விரல் நுனியிலிருந்து எரிகின்றன. நீராவி எஞ்சின் இருக்கும் உலகத்தில் மின்சாரத்துக்கு மனித விரல் எதற்கு? ராட்சத எந்திரத்தைப் பார்த்துச் சிரிக்கும் எத்தனை பேர் இதைக் கேட்கிறார்கள்?

தொழில்நுட்பத்தைப் பார்க்கும்போது "இது முடியுமா" என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறோம். "இது யார் கையில்" என்பதுதான் மீதிப் பாதி. ஜப்பானையே எடுத்துக்கொள்ளுங்கள். 1575-இல் நாகஷினோவில், சாதாரணக் காலாட்படையினர் பிடித்த துப்பாக்கிகள் புகழ்பெற்ற குதிரைப்படையைச் சரித்தன. பரம்பரை வீரத்தின் மதிப்பு சந்தைக்கு வந்த நாள் அது. 13 ஆண்டுகள் கழித்து, 1588-இல், ஆட்சியிலிருந்த ஹிதேயோஷி உழவர்களிடமிருந்த ஆயுதங்களையெல்லாம் பறிமுதல் செய்ய ஆணையிட்டார். கருவி கீழே இறங்கினால் ஆணை மேலேயிருந்து வரும். நான் ஆயுதத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. கருவிக்கும் அதிகாரத்துக்கும் இருக்கும் உறவைச் சொல்கிறேன்.

அண்ணல் அம்பேத்கர் காந்தியாரோடு மோதிய விஷயங்களில் எந்திரமும் ஒன்று என்பதை நம் பிள்ளைகள் மறந்துவிடக்கூடாது. எந்திரம் வேண்டாம், கைத்தொழிலே போதும் என்ற பேச்சை அவர் கடுமையாக மறுத்தார். தீமை எந்திரத்தில் இல்லை, அதன் பலனைச் சிலரே சுருட்டிக்கொள்ள விடுகிற சமூக அமைப்பில் இருக்கிறது என்பது அவர் வாதம். உடல் தேயத் தேய உழைக்கிற மனிதனுக்கு ஓய்வையும் சிந்தனையையும் தரப்போவது எந்திரம்தான் என்று அவர் பார்த்தார். இந்தத் தொடரில் ஹிரோஷியின் பட்டறை பூமிக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. கீழே இருப்பவன் செய்யும் எந்திரம் சதி, மேலே இருப்பவன் செய்வது முன்னேற்றம்.

ஹிரோஷியின் மகள் அசாமியும் அதே கையுறையை மாட்டிக்கொள்கிறாளே என்பீர்கள். ஆமாம், அவளை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அந்தக் கையுறை எப்போது நல்ல பொருளாகிறது? அதை அவள் தன் அப்பாவுக்கு எதிராகத் திருப்பும்போது.

விளக்கு அணைந்த தெரு

தொடருக்கு நான் அநியாயம் செய்யக்கூடாது. இதே முதல் பாகத்தில் ஒரு காட்சி இருக்கிறது. எட்டாம் பகுதி. ஆட்சிக்குழு உறுப்பினரான டார்லாக், திறன் இல்லாதவர்கள் இரவில் வெளியே வரக்கூடாது என்று சட்டம் போடுகிறான். ஒரு குடியிருப்புக்கே மின்சாரத்தைத் துண்டிக்கிறார்கள். மக்கள் தெருவுக்கு வருகிறார்கள், கேட்பது விளக்கை மட்டும்தான். சுற்றிலும் போலீஸ் நிற்கிறது. டார்லாக் அதை 'சமத்துவவாதிகளின் கூட்டம்' என்று அறிவிக்கிறான். கூட்டத்திலிருந்து ஒரு பெண் கோராவைப் பார்த்து, நீ எங்களுக்கும் அவதார்தானே என்று கேட்கிறாள்.

அந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். நான் வேலை செய்கிற பகுதிகளில் விளக்கு கேட்டு, குழாய் கேட்டு, சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு நின்றவர்களை "யார் தூண்டிவிட்டது?" என்று கேட்ட முகங்கள் நினைவுக்கு வந்தன.

இந்தக் காட்சியை எழுதத் தெரிந்தவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அதனால்தான் என் கோபம் இரட்டிப்பாகிறது. கோராவின் நண்பர்கள் மூவர் கைதாகிறார்கள். அடுத்த பகுதியில் லின் வந்து அந்த மூவரையும் மீட்கிறார். அதே இரவில் பிடிபட்ட தெருக்காரர்களுக்கு என்ன ஆனது என்று கதை திரும்பிப் பார்க்கவில்லை. கோராவைக் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணும் மறுபடி வரவில்லை.

மறுப்புகள்

"சோக்கா திறன் இல்லாதவர்தானே? அவர் ஆட்சிக்குழுவுக்கே தலைவராக இருந்தாரே?" இருந்தார். அவதார் ஆங்கின் நண்பர். ஒருவர் மேலே போய்விட்டார் என்பதைக் காட்டி மற்றவர்களின் வாயை அடைக்கும் வாதத்தை வேறெங்கோ கேட்டதுபோல இல்லையா?

"மாகோவும் போலினும் ஏழைகள்தானே? பெண்டர்களிலும் ஏழை உண்டே?" உண்டு. ஏழை பெண்டர் மின்நிலையத்தில் கூலிக்குப் போகலாம், மைதானத்தில் ஆடலாம், போலீஸில் சேரலாம். மாகோ பின்னால் போலீஸிலேயே சேர்கிறான். ஏழையான திறன் இல்லாதவருக்கு இந்த மூன்று கதவுகளும் கிடையாது. வறுமை ஒன்றாக இருக்கலாம், கதவுகள் ஒன்றல்ல.

"இரண்டாம் பாகத்தில் திறன் இல்லாத ரைக்கோ ஜனாதிபதி ஆகிறாரே? தேர்தல் வந்துவிட்டதே?" வந்தது. யார் போராடி வந்தது? எந்தக் கூட்டம், எந்த ஊர்வலம், எந்தப் பேச்சுவார்த்தை? இரண்டு பாகங்களுக்கு நடுவிலிருந்த இடைவெளியில், திரைக்கு வெளியே நடந்துவிட்டது. உரிமை வந்த கதையைக் காட்டாமல் உரிமையை மட்டும் காட்டினால், அது மேலேயிருந்து போட்ட பிச்சைபோலத் தெரியும்.

"முதலில் 12 பகுதிகளுக்கு மட்டுமே திட்டமிட்டார்கள், நேரமில்லை." அந்த 12 பகுதிகளில் மாகோவை யார் காதலிப்பது என்பதற்கு எவ்வளவு நேரம் இருந்தது என்று பார்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

"வெறும் கார்ட்டூன்தானே அக்கா?" வெறும் கார்ட்டூன்தான். அதிலிருந்துதான் நம் தம்பிக்குப் பெயர் வைத்தார்கள்.

ஒப்புமை உடையும் இடம்

நம் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெண்டர் என்றால் ஆதிக்கச் சாதி, திறன் இல்லாதவர் என்றால் நாம் என்று அப்படியே ஒட்டிவிடாதீர்கள். அது ஆபத்து. பெண்டருக்கு உண்மையிலேயே திறன் இருக்கிறது. அவன் கையை நீட்டினால் நிஜமாகவே நெருப்பு வருகிறது. சாதியில் அப்படி ஒரு வெங்காயமும் இல்லை. உயர்ந்தவன் என்று சொல்லிக்கொள்கிறவன் கையை நீட்டினால் காற்றுகூட அசையாது. அவன் பலம் முழுவதும் நிலத்திலும், பதவியிலும், ஊர்க் கட்டுப்பாட்டிலும், நம்மைப் பயப்படவைத்த பழக்கத்திலும் இருக்கிறது. பிறப்பில் எதுவுமில்லை. அவர்களிடம் திறன், நம்மிடம் குறை என்று ஒரு கணம்கூட நினைத்துவிடாதீர்கள். ரிபப்ளிக் சிட்டியைவிட நம் ஊர் அநியாயமானது. அங்கே ஏற்றத்தாழ்வுக்கு ஒரு காரணமாவது இருக்கிறது.

அமோனின் வழியும் நம் வழியல்ல. அவன் ஒவ்வொருவராக மேடையில் மண்டியிடவைத்து, அவர்களிடமிருப்பதைப் பிடுங்குகிறான். நாம் யாருடைய கையையும் முடக்க வரவில்லை. போலீஸில் இடம், ஆட்சிக்குழுவில் இடம், தெருவுக்கு விளக்கு, தேர்வுக் கட்டணத்துக்கு அவகாசம். கேட்பது இதைத்தான். ரிபப்ளிக் சிட்டியின் சமத்துவவாதிகள் இதைக் கேட்டிருந்தால் கதை எழுதியவர்களுக்கு அவர்களை வில்லனாக்குவது கடினமாக இருந்திருக்கும். அதனால்தான் அவர்களை அப்படிக் கேட்கவிடவில்லை.

நான்காம் பாகத்தின் முடிவில் குவிராவிடம் கோரா எப்படிப் பேசுகிறாள் என்று பாருங்கள். முகாம்களில் மக்களை அடைத்தவள் குவிரா. நகரத்தையே இடித்தவள். கோரா அவள் உயிரைக் காப்பாற்றுகிறாள், கைவிடப்பட்ட குழந்தையாக அவள் பட்ட வலியைப் புரிந்துகொள்கிறாள், குவிரா சரணடைகிறாள். அழகான காட்சிதான். ஆனால் விளக்கு கேட்ட தெருவோடு அப்படி உட்கார்ந்து பேச யாரும் வரவில்லை. பேரரசு கட்டியவளின் நோக்கத்தைப் புரிந்துகொள்ள நேரம் இருந்த கதைக்கு, சமத்துவம் கேட்டவர்களின் நோக்கத்தைப் புரிந்துகொள்ள ஒரு பகுதிகூட மிச்சமில்லை.

இந்தத் தொடரில் எனக்கு நம்ப முடியாமல் போனது பிளாட்டினம் அல்ல. இத்தனை லட்சம் பேர் வாழும் நகரத்தில், தங்கள் சொந்தக் கேள்வியைத் தாங்களே நேர்மையாகக் கேட்கிற ஒருவரும் திறன் இல்லாதவர்களில் இல்லை என்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். அமோன் பொய்யன்தான். ஆனால் அவன் கேட்ட கேள்வி அவனுடையதல்ல, அந்தத் தெருவுடையது. திருடன் வந்து "வீடு பற்றி எரிகிறது" என்று கத்தினாலும் வாளியைத்தான் முதலில் தேட வேண்டும். நாளை நம் தலைவர்களில் ஒருவர் தவறு செய்யலாம், விலைபோகலாம், அவரை நாமே கேள்வி கேட்போம். அதற்காகக் கேள்வியை அவரோடு சேர்த்துக் கடலில் தள்ளிவிடக்கூடாது.

இன்னொன்று. நீ அமோன் இல்லை. உனக்கு முகமூடி கிடையாது. உன் முகத்தோடு, உன் பெயரோடு, வகுப்பில் எழுந்து நின்று கேட்டாய். அடுத்த ஞாயிறு உதவித்தொகை விண்ணப்ப எண்ணையும் அந்த நோட்டீஸின் நகலையும் கொண்டு வா. உன்னைப் போலக் காத்திருக்கும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வா. மனு எழுதுவோம். எல்லோரும் பெயர் போட்டுக் கையெழுத்து வைப்போம்.

ஜெய்பீம்.